மூச்சு வெட்டுகிறவள்

மாமியாரின் மூச்சை வெட்டுவதுதான் மருமகளின் வேலை. இதைத் தெருவெல்லாம் பரப்பி வைத்திருந்தவர் மாமியாரேதான். "உங்க மருமக வீட்லயேதான இருக்கா, என்ன பண்றா?" என்று யாராவது வாயைக் கொடுத்தால் போதும். "என் மூச்சை நிறுத்துறா. அதான் அவளுக்கு உத்தியோகம்," என்பார். கேட்டவர் முழிப்பதை ஆசைதீரப் பார்த்துவிட்டுத்தான் விஷயத்தை விளக்குவார்.

விஷயம் இவ்வளவுதான். மாமியார் குரல் கொடுப்பவர். ஊரிலிருக்கும் பாதி லிஃப்ட்டுகளில் "கதவுகள் மூடுகின்றன, விலகி நில்லுங்கள்" என்று சொல்வது அவர்தான். பேருந்து நிலையத்தில் வண்டி புறப்படப்போவதை அறிவிப்பதும், வங்கிக்குப் போன் போட்டால் தயவுசெய்து காத்திருக்கச் சொல்லி ஆளைச் சாகடிப்பதும் அதே குரல். மகன் லிஃப்ட் மெக்கானிக். அவன் கம்பெனியில் ஒரு பெண் குரல் வேண்டுமென்று தேடியபோது, "எங்கம்மா கத்துனா எல்லா மாடிக்கும் மெஷினில்லாமலே கேக்கும் சார்," என்று கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஆரம்பித்தது. இப்போது தெருவில் அவருக்கு லிஃப்ட்டம்மா என்றுதான் பேர்.

மருமகள் ஒலிப்பதிவு படித்தவள். கல்யாணமாகி வந்ததும் வீட்டின் பின்னறையைத் தன் கைக்குள் கொண்டுவந்தாள். சுவர்களில் பழைய மெத்தைகளை அடித்தாள், ஜன்னலுக்குக் கம்பளி போட்டாள், நடுவில் ஒரு நாற்காலியும் மைக்கும் வைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். மழை பலமாகப் பெய்தால் மட்டும் வேலை நின்றுவிடும். அன்றைக்கு இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து மழையைத் திட்டுவார்கள்.

பேசுகிறவர் யாரானாலும் வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு வாங்கத்தான் செய்வார். லிஃப்ட் மூச்சு வாங்கினால் நன்றாயிருக்குமா? அதனால் பதிவு முடிந்ததும் மருமகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மூச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பாள். திரையில் ஒரு வாக்கியம் குன்று மாதிரி எழும்பி நிற்கும். அதற்கு முன்னால் எறும்புப் புற்று மாதிரி சின்னதாக ஒன்று இருக்கும், அதுதான் மூச்சு. பழகிய கண்ணுக்குப் பார்த்தாலே தெரியும். இழுத்துப் பிடித்து, ஒரு தட்டு, காலி. காதில் கேட்டுக் கேட்டு வெட்டினால் பொழுது விடிந்துவிடும் என்று அவள் கேட்பதேயில்லை. மாமியார் அவளைக் கூப்பிடுவதே 'கத்திரி' என்றுதான்.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குள் பயம் வந்தது ஒரு மைக்கின் வழியாக.

புத்தகங்களைக் குரலில் கொண்டுவரும் ஓர் ஆள் மாமியாரைத் தேடி வந்திருந்தார். தலையணை கனத்துக்கு ஒரு நாவல். அது நன்றாக அமைந்தால் வரிசையாக வேலை. மாதிரிக்கு ஒரு பக்கம் பதிவுசெய்து அனுப்பியதற்கு, "அம்மா குரல் பிரமாதம். ஆனா குடத்துக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கே," என்று பதில் வந்தது. மருமகளுக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த மைக் அவள் படித்த காலத்தில் வாங்கியது, லிஃப்ட்டுக்கும் பேருந்து நிலையத்துக்கும் அது தாராளமாகப் போதும்.

அவளுக்கு வேறொரு மைக்கின் மேல் வெகுநாள் ஆசை. அந்தக் காலத்துப் பெரிய ஸ்டுடியோக்களில் தொங்கிய கண்டென்சர் மைக். பழைய ரேடியோவில் மாதிரி உள்ளே வால்வு எரியும். அதற்கென்று தனியாக ஒரு கரெண்டுப் பெட்டி உண்டு. போட்டவுடன் பேசிவிட முடியாது, சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். ஊசி விழுந்தால் கேட்கும் என்று நாமெல்லாம் பேச்சுக்குச் சொல்வோம், அந்த மைக்குக்கு நிஜமாகவே கேட்கும். மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவின் சாமான்களில் அப்படி ஒன்று விலைக்கு வந்திருப்பதாகத் தெரிந்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"எதுக்குடி இப்ப அது?" என்றார் மாமியார். தட்டில் பச்சை ஆப்பிளை வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டிருந்தார். பதிவுக்கு முன்னால் அதைத் தின்றால் வாய் பிசுபிசுக்காது. "இருக்கறதுக்கு என்ன கேடு?"

"குடத்துக்குள்ள பேசற மாதிரி இருக்குன்னு சொல்றாங்க அத்தை."

"சொல்றவன் சொல்லுவான். இத்தன வருஷம் கேட்டவன் எவனும் சொல்லலையே."

"இது கதை அத்தை. காதுக்குப் பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்கணும். அந்த மைக்ல நீங்க உதட்டைப் பிரிக்கறது கூடக் கேக்கும்."

"அதெல்லாம் எதுக்குக் கேக்கணும்? மனுஷனுக்குக் கேக்கக் கூடாததுன்னு நாலு இருக்காதா?"

மகன் குறுக்கே வந்தான். "வாங்கட்டும் விடும்மா. அவ ஆசைப்பட்டு என்ன கேட்டா? நகை கேட்டாளா?"

"நீ உன் லிஃப்ட்டப் பாருடா," என்றார் மாமியார். செலவுக்குப் பயப்படுகிறார் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். மாமியார் சில்லறை விஷயத்தில் கொஞ்சம் கெட்டிதான், அப்படி நினைத்ததில் தப்புமில்லை.

விற்றவர் ஒரு காலத்தில் அந்த ஸ்டுடியோவின் சொந்தக்காரர். மைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர் மாதிரி ஆயிரம் புத்தி சொன்னார். தூசி படக்கூடாது, ஈரம் ஆகாது, பக்கத்தில் யாரும் ஊதக்கூடாது. கடைசியில், "வித்தா வித்ததுதான். திருப்பி எடுக்கமாட்டேன்," என்றும் சொன்னார். மருமகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மரப்பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

முதல் பதிவிலேயே சத்தம் கேட்டது.

மாமியார் நாவலின் முதல் பக்கத்தை வாசித்தார். புது மைக் என்பதால் மருமகள் வழக்கத்துக்கு மாறாக ஹெட்போனைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் தேன் மாதிரி வந்தது. ஆனால் வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் எதுவோ பொரிந்தது. காதுக்குப் பக்கத்தில் முடியை இரண்டு விரலால் உரசினால் வருமே, அந்த மாதிரி. அதற்கு அடியில் மெல்லிசாக ஒரு விசில்.

ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தாள். வயரை மாற்றினாள். வேறு பிளக்கில் சொருகினாள். ஃப்ரிட்ஜை அணைத்ததில் ஐஸ் உருகிச் சமையலறை நனைந்தது. கணவன் லீவு போட்டுவிட்டு வந்து சுவிட்ச்போர்டைக் கழற்றி மாட்டினான். மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு வெறும் அறையைப் பதிவுசெய்து கேட்டாள், சுத்தமாக இருந்தது. ஆள் உட்கார்ந்து பேசினால் மட்டும்தான் சத்தம்.

இதற்கு அவளிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. பழைய மைக்குக்குள் சத்தத்தை வாங்கும் தகட்டில் ஈரம் ஏறியிருந்தால், பேசுகிறவரின் மூச்சு பட்டதும் அது பொரியும். படித்தவர்களெல்லாம் அதைத்தான் சொல்வார்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு மூடிவைத்தாள். எடுத்துப் பார்த்தாள். சத்தம் அப்படியேதான் இருந்தது.

"இதுக்குத்தான் சொன்னேன்," என்றார் மாமியார். "கொண்டுபோய்க் குடுத்துடு. பழசுலயே பேசறேன்."

"திருப்பி எடுக்கமாட்டேன்னு சொல்லிட்டாரே அத்தை."

"நான் வந்து பேசறேன். எப்படி எடுக்கமாட்டான்னு பாக்கலாம்."

இப்படித்தான் மாமியாரும் மருமகளும் ஒரு காலை நேரத்தில் மரப்பெட்டியோடு மைக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அவர் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் மாடித் திருப்பத்தில் தண்ணீர் வரும் நேரத்தைப் பற்றி ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மாமியார் நின்று அதை வரி விடாமல் படித்தார்.

"நம்ம வீட்டுத் தண்ணியா அத்தை?" என்று மருமகள் சிரித்தாள்.

"தெரிஞ்சு வச்சுக்கறதுல என்னடி நஷ்டம்," என்றார் மாமியார், கைப்பிடியை விடாமல்.

கதவைத் திறந்த மைக்காரர் பெட்டியைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கிக்கொண்டார்.

"சார், பேசும்போது கொறகொறன்னு ஒரு சத்தம் வருது. ஈரம் ஏறியிருக்குன்னு நினைக்கிறேன்."

"ஈரமா? என் மைக்லயா? ஏம்மா, என் பொண்டாட்டிக்குக்கூட சளி பிடிச்சிருக்கு. அதுக்குப் பிடிக்க நான் விட்டதில்ல."

"நாங்க எல்லாம் மாத்திப் பாத்துட்டோம் சார்."

"பாத்திருப்பீங்க. உங்க ரூம்ல என்ன கோளாறோ. மெத்தையடிச்ச ரூம்னு நீங்கதான சொன்னீங்க? மெத்தைல எலி இருந்தாலும் இதுக்குக் கேக்கும்."

"எலியெல்லாம் இல்ல," என்றார் மாமியார். சோஃபாவில் உட்கார்ந்து கைப்பையை மடியில் கட்டிப்பிடித்திருந்தார். "பொம்பளைங்க வந்து கேக்கறோம். கோளாறுள்ள பொருளைக் குடுத்துட்டு எலிங்கறீங்களே."

"கோளாறு இருந்தாத்தானம்மா? இங்கயே போட்டுப் பாத்துடலாம். சத்தம் வந்தா இந்த நிமிஷமே எடுத்துக்கறேன். வரலைன்னா நீங்க என் மைக்கைப் பத்தி வெளியில ஒரு வார்த்தை பேசக் கூடாது."

வால்வு சூடேறுவதற்குள் மைக்காரரின் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே டீ கொண்டுவந்து கொடுத்தார். மைக்காரர் ஒரு ஹெட்போனை மருமகளிடம் கொடுத்தார், இன்னொன்றைத் தான் மாட்டிக்கொண்டார். அன்றைய பேப்பரை எடுத்து மைக் முன்னால் உட்கார்ந்து எங்கோ பாலம் கட்டுகிற செய்தி ஒன்றை வாசித்தார். வேண்டுமென்றே வாக்கியத்துக்கு வாக்கியம் இழுத்து மூச்சு வாங்கினார்.

துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. மூச்சு காற்றாக உள்ளே போய்க் காற்றாக வெளியே வந்தது.

"என்ன சொல்றீங்க?" என்றார் மைக்காரர்.

"நான் ஒரு தடவை," என்று மருமகள் உட்கார்ந்தாள். அவள் குரலும் மூச்சும் அதே மாதிரி சுத்தமாக வந்தன. வீட்டில் அவள் இதைச் செய்து பார்க்கவேயில்லை. ஒன்று ரெண்டு மூணு என்று எட்ட நின்று எண்ணிப் பார்த்ததோடு சரி. அவள் இத்தனை வருஷத்தில் பின்னறை நாற்காலியில் உட்கார்ந்ததில்லை, அது அத்தையுடைய இடம்.

"அம்மா, நீங்க வாங்க," என்றார் மைக்காரர். "மூணு பேரும் பாத்துட்டா முடிஞ்சுபோச்சு."

"எதுக்கு?" மாமியார் எழுந்து நின்றார். "அதான் நல்லாயிருக்கே. மைக்ல ஒன்னும் இல்ல போலிருக்கு. வாடி போலாம்."

மருமகள் திரும்பிப் பார்த்தாள். திருப்பிக் கொடுக்காமல் விடமாட்டேன் என்று சண்டைக்கு வந்தவர், இப்போது பெட்டியை மூடச் சொல்கிறார். அந்தக் கணத்தில் அவளுக்குக் கையும் காலும் ஜில்லிட்டுப்போயின. ஏன் என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. உடம்புக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

"ஒரே ஒரு வாக்கியம் அத்தை."

"வேண்டாம்டி."

"அத்தை. உக்காருங்க."

மாமியாரை அவள் அப்படி அதட்டியதே கிடையாது. மாமியார் உட்கார்ந்தார். மைக்கைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, வாயில் ஊறிப்போனதைச் சொன்னார்.

"கதவுகள் மூடுகின்றன."

மூச்சு வாங்கினார். முடியை உரசுகிற சத்தம் அங்கே இருந்தது. அடியில் விசிலும் இருந்தது.

"விலகி நில்லுங்கள்."

மைக்காரர் ஹெட்போனை மெதுவாகக் கழற்றினார். ஜெயித்துவிட்டார். அதைச் சொல்லிக்காட்டுவார் என்று மருமகள் காத்திருந்தாள். சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பாள், சண்டையில் கொஞ்ச நேரம் போயிருக்கும். அவரோ டீக்கோப்பைகளைத் தட்டில் எடுத்து அடுக்கினார். அடுக்கியதையே திரும்ப அடுக்கினார்.

"மைக்கை விட்டுட்டுப் போங்கம்மா," என்றார் தணிந்த குரலில். "காசைத் தந்துடறேன்."

"மைக் நல்லாத்தான சார் இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் விட்டுட்டுப் போங்க. உங்களுக்கு இப்பச் செலவு இருக்கும்."

அவர் கறாராகவே இருந்திருக்கலாம் என்று மருமகளுக்குத் தோன்றியது. அவர் நல்லவராக மாறியதுதான் அவளை உலுக்கிவிட்டது. மைக்கைத் திருப்பிக் கொடுத்தால் காதில் கேட்டதையும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். இறங்கும்போது மாமியார் எந்த நோட்டீஸையும் படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இது எப்போதிலிருந்து என்று தெரிந்தாக வேண்டும். நேற்று வந்ததென்றால் சளி, மருந்து கொடுத்தால் போய்விடும். பழைய பதிவுகளைத் திறந்தாள். போன மாதத்துப் பேருந்து நிலையம், அதற்கு முந்தைய வங்கி, போன வருஷத்து லிஃப்ட்டுகள். திரையில் குன்றுகள் வரிசையாக நின்றன. நடுவில் தரைமட்டமாக ஒரு கோடு. ஒரு புற்றைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. வெட்டாத மூலப் பதிவுகளை இடம் அடைக்கிறதென்று அப்போதைக்கப்போது அழித்துவிடுவாள். ஒரு மனுஷியின் அத்தனை வருஷத்து மூச்சும் அவள் கைவழியாகத்தான் போயிருக்கிறது. அதில் ஒன்றையும் அவள் காதால் கேட்டதில்லை. இப்போது கேட்கலாமென்றால் ஒன்றும் மிச்சமில்லை. மௌஸைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

சமையலறையில் மாமியார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்காத மாதிரி அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"எத்தன நாளா அத்தை?"

"எது?"

"அத்தை."

மாமியார் கத்தியைக் கீழே வைத்தார். "தெரியலடி. போன மழைக்கு முன்னாடியே இருந்துச்சு. மாடிப்படி ஏறினா இருக்கும், அப்புறம் போயிடும். இப்பக் கொஞ்ச நாளா போகமாட்டேங்குது. வாசிக்கும்போது அந்தப் பக்கம் மூஞ்சைத் திருப்பிக்கிட்டு வாங்கிக்குவேன். பழைய மைக்குக்கு அது கேக்காது."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"எப்படியும் நீ வெட்டிடப் போற. யாருக்குத் தெரியப் போகுதுன்னு இருந்துட்டேன்."

மருமகள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமியாரும் காலை மடக்கி மெல்ல அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த களைப்புக்கே மூச்சு வாங்கியது. இப்போது மைக் இல்லாமலே கேட்டது. ஒரு தடவை கேட்டுவிட்ட சத்தத்தைக் காது பிறகு விடுவதில்லை.

"பயமா இருக்காடி?"

"ஆமா அத்தை."

"எனக்கும்தான்," என்றார் மாமியார். "பயந்துட்டுத்தான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா நிஜமாயிடும்ல." வெங்காயக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதில் அவருக்குக் கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. "வெங்காயம்," என்றார். "இதையாவது நம்புடி."

சாயங்காலம் மகன் வந்ததும் சொன்னார்கள். அன்று அவன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினான். அது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை.

தெருமுனை டாக்டரம்மா மாமியாரின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். வைத்த இடத்திலேயே திரும்பவும் வைத்துக் கேட்டார். மருமகள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்போன் மாட்டியிருக்கும்போது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்தாள். "எவ்வளவு நாளா?" என்று டாக்டரம்மாவும் அதையேதான் கேட்டார். கேட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். "படத்தப் பாக்காம நான் எதுவும் சொல்லக் கூடாது. ஆனா நாளைக்கே போயிடுங்க," என்றார். அந்த 'நாளைக்கே'யை மூன்று பேரும் வீடுவரைக்கும் சுமந்துகொண்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மகன் சீட்டைப் பதிய வரிசையில் நின்றுகொண்டான். "நீங்க மேல போங்க. மூணாவது மாடி. வந்துடறேன்," என்றான். மாமியாரும் மருமகளும் லிஃப்ட்டுக்குள் போனார்கள். வேறு யாரும் ஏறவில்லை. மருமகள் பொத்தானை அழுத்தினாள்.

"கதவுகள் மூடுகின்றன," என்றது லிஃப்ட். "விலகி நில்லுங்கள்."

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மகன் மாட்டியதாக இருக்கலாம், வேறு யாரோ மாட்டியதாகவும் இருக்கலாம். அந்தக் குரலை மருமகள் ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். இன்றைக்கு அவள் வார்த்தைகளைக் கேட்கவில்லை, இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் கேட்டாள். அங்கே ஒன்றுமே இல்லை. சுத்தமாக வழித்து எடுக்கப்பட்டிருந்தது. மூச்சே விடாத ஒருத்தி தலைக்கு மேலிருந்து நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அதே ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முடி உரசுகிற சத்தத்தோடு காற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

மருமகள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாத்தாண்டி வெட்டியிருக்க கத்திரி," என்றார் மாமியார் மேலே பார்த்தபடி. "ஒரு பிசிறு இல்ல."

லிஃப்ட் ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று பக்கத்திலிருந்து வந்த சத்தம் நின்றது. உரசல் இல்லை, விசில் இல்லை. அவள் பதறிப்போய்த் திரும்பினாள். மாமியார் உதட்டை இறுக்கி மூடி, கண்களை எண்கள் மாறும் இடத்தில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி நின்றிருந்தார். பயத்தில் பிடித்தாரா, மருமகள் காதில் விழக்கூடாதென்று பிடித்தாரா என்று தெரியவில்லை.

"மூன்றாவது மாடி," என்றது லிஃப்ட். கதவு திறந்தது. வெளியே நீளமான வராந்தாவில் ஆட்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் நகரவில்லை.

"மூச்சு விடுங்க அத்தை," என்றாள் மருமகள். "விடுங்க. எனக்குக் கேக்கணும்."

மாமியார் விட்டார். பொரிந்து, விசிலடித்து, பாதியில் தடுக்கி வெளியே வந்தது. மருமகள் அதைக் கடைசிவரைக்கும் கேட்டாள்.

"விட்டாச்சுடி," என்றார் மாமியார். "இப்ப நீ கையை விடு. வலிக்குது."

அவள் விடவில்லை.